சர்ஃப் கிட்டார், மெட்டல் கிட்டார்: கேள்வி பதில்

ஹட்டனில் கிட்டார் சொல்லிக் கொடுக்கிறேன். மலையகத்துப் பிள்ளைகள் சர்ஃப் (கலிபோர்னியக் கடற்கரையில் பிறந்த கிட்டார் இசை), மெட்டல் (கனத்த, முரட்டு ராக் இசை) இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி: சேர், நான் மெட்டல் வாசிக்கிறேன். சர்ஃப் வாசிக்க முதலிலிருந்து பழக வேண்டுமா?

வேண்டாம் தம்பி. ஒரே சுரத்தைப் பிக்கால் (கம்பியை மீட்டும் சிறு தகடு) மேலும் கீழும் விடாமல் அடிக்கும் மணிக்கட்டு வேலை இரண்டிலும் உண்டு. அடித்த பிறகு அந்த ஒலிக்கு என்ன நடக்கிறது என்பதுதான் வித்தியாசம். சர்ஃபில் அது சுத்தமாகப் போய் எதிரொலி தரும் ஸ்பிரிங் ரிவெர்ப் பெட்டியில் விழுகிறது. அந்தப் பெட்டிக்குள் நிஜமான சுருள் கம்பிகள் அதிர்வதால்தான் ஒவ்வொரு அடியும் தண்ணீர் சொட்டுவது போல் கேட்கிறது. மெட்டலில் டிஸ்டோர்ஷன், அதாவது கரகரப்பாக்கும் விளைவு, ஒலியை நசுக்கி நீட்டிவிடும். அதை உள்ளங்கை ஓரத்தால் பிரிட்ஜ் (கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) பக்கம் அழுத்தி அடக்குகிறோம்.

ஒன்றைக் கவனியுங்கள். டிஸ்டோர்ஷன் பலத்த அடியையும் மெல்லிய அடியையும் கிட்டத்தட்டச் சமமாக்கிவிடும். அதை நிறுத்தினால் மேல்நோக்கிய அடி பலவீனமாக இருப்பது உடனே காதில் விழும். என் மாணவர்கள் எல்லோரும் வாரத்தில் ஒரு நாளாவது டிஸ்டோர்ஷன் இல்லாமல் வாசிக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

பதுளைத் தங்கச்சி: இந்த வேக அடி எங்கிருந்து வந்தது?

சர்ஃபில் இதை நிலைநாட்டியவர் அமெரிக்கக் கிட்டார்காரர் டிக் டேல். தந்தை வழியில் லெபனான் குடும்பம். சித்தப்பா ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியம் வாசிக்க, பக்கத்தில் தர்புக்கா என்ற கை மேளம் தட்டி வளர்ந்த பிள்ளை. கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதியின் பழைய மெட்டான 'மிசிர்லூ'வை அவர் 1962இல் பதிவு செய்தார். பெரும்பகுதியும் ஒரே கம்பியில் ஓடும். அதில் கேட்பது தாளக்காரரின் கை. திருவிழாவில் தப்பு அடிப்பவரின் மணிக்கட்டைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் அந்தத் தளர்வு உங்களுக்கு விளங்கும்.

மஸ்கெலியா: கம்பி தடிப்பா, மெல்லிசா?

டேல் மிகத் தடித்த கம்பி போட்டவர். மறுபுறம், மெட்டலின் முன்னோடிக் குழுவான பிளாக் சபத்தின் கிட்டார்காரர் டோனி அயோமி. தொழிற்சாலை விபத்தில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. இடக்கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்துவதே அந்தக் கைதான். அதனால் மெல்லிய கம்பி போட்டார், 1971 அளவில் கம்பி தளர்ந்து விரலுக்கு இலகுவாக இருக்கச் சுருதியையும் மூன்று அரைச்சுரம் இறக்கினார். ஆகவே பாணியைப் பார்த்துக் கம்பி வாங்காதீர்கள், உங்கள் சுருதியைப் பாருங்கள். சுருதி இறங்க இறங்கக் கம்பி தொய்யும், அயோமி போல் விரல் பிரச்சினை இல்லாதவருக்கு அப்போது தடித்தது வேண்டும்.

பண்டாரவளை: டிஸ்டோர்ஷன், ரிவெர்ப் இரண்டும் இருந்தால் எது முதலில்?

டிஸ்டோர்ஷன் முதலில். மாற்றிப் போட்டால் எதிரொலியும் சேர்ந்து நசுங்கிக் குழம்பும்.

நுவரெலியா: தோட்ட லயத்தில் (வரிசை வீட்டில்) இருக்கிறோம் அண்ணன், சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகும். எப்படிப் பழகுவது?

ஆம்ப் (ஒலிபெருக்கி) வேண்டாம். ஒரு கம்பி, மெதுவான தாளம், ஐந்து நிமிடம். தோள் இறுகினால் நிறுத்துங்கள். அப்புறம் உங்கள் ஊர்ப் பனிமூட்டத்தில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்து வையுங்கள்.