வெளிநாட்டு வேலை: கிளம்பும் முன் வங்கிக்குப் போங்கள்
வாசகர் கேள்வி-பதில்

என் மகனுக்கு துபாயில் வேலை கிடைத்திருக்கிறது. நவம்பர் முதல் வாரம் புறப்படுகிறான். பாளையங்கோட்டை வங்கியில் அவன் பெயரில் சேமிப்புக் கணக்கும், 4 லட்சம் ரூபாய்க்கு டெபாசிட்டும் இருக்கின்றன. 182 நாள் கழித்துக் கணக்கை மாற்றினால் போதும் என்கிறார்களே, சரியா?
- வாசகி, மேலப்பாளையம்

சரியில்லை அம்மா. 182 நாள் என்பது வருமான வரிக்கு உள்ள கணக்கு. வங்கிக்கு அது பொருந்தாது. வேலைக்கென்று நாட்டை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்தே அந்நியச் செலாவணிச் சட்டப்படி உங்கள் மகன் வெளிநாடுவாழ் இந்தியர்தான். சேமிப்புக் கணக்கு, டெபாசிட் இரண்டையும் என்.ஆர்.ஓ. (வெளிநாடுவாழ் இந்தியரின் உள்ளூர் வரவுகளுக்கான) கணக்காக மாற்ற வேண்டும். பாஸ்போர்ட், விசா, துபாய் முகவரிச் சான்று, பான் கார்டு ஆகியவற்றின் நகல்களில் அவரே கையெழுத்திட்டுக் கொடுக்கட்டும். விசா கைக்கு வந்ததும் அவர் நேரிலேயே போய்ப் பேசிவிடுவது நல்லது. பிறகு அங்கிருந்து அனுப்புவதென்றால் நகல்களுக்குத் தூதரகச் சான்று, நோட்டரி என்று அலைய நேரும்.

கூடவே ஒரு என்.ஆர்.இ. (வெளிநாட்டு வருமானத்தைப் போட்டுவைக்கும்) கணக்கும் தொடங்கச் சொல்லுங்கள். துபாய்ச் சம்பளம் அதில்தான் வர வேண்டும். அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. பணத்தை எப்போது வேண்டுமானாலும் வெளிநாட்டுக்குத் திருப்பி எடுத்துப் போகலாம். வாடகை, நெல் விற்ற பணம் போன்ற உள்ளூர் வரவுகளுக்கு என்.ஆர்.ஓ. கணக்கு. என்.ஆர்.இ.யிலிருந்து என்.ஆர்.ஓ.வுக்குப் பணம் தாராளமாகப் போகும். திரும்பி வரத்தான் ஆடிட்டர் சான்றும் படிவங்களும் கேட்பார்கள். சம்பளத்தைத் தவறிப்போய் என்.ஆர்.ஓ.வில் போட்டுவிட்டுத் திண்டாடுகிறவர்கள் அதிகம். வீட்டுச் செலவுக்கு நீங்கள் பணம் எடுக்க, மகனிடம் மேன்டேட் கடிதம் (கணக்கை நீங்கள் இயக்க அவர் தரும் அனுமதி) வாங்கி வங்கியில் கொடுத்து வையுங்கள்.

என்.ஆர்.ஓ. வட்டியில் 31.2 சதவீதம் வரி பிடிப்பார்கள். உங்கள் 4 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 28,000 ரூபாய். அதில் 8,736 ரூபாய் பிடித்தம் போகும். வரி பிடிக்க வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் படிவம் உள்ளூர்வாசிகளுக்கு மட்டுமே. துபாயில் வரி உறைவிடச் சான்றிதழ் (வரிக்கு அந்நாட்டில் வசிப்பவர் என்று அந்த அரசு தருவது) வாங்கிக் கொடுத்தால் இந்தப் பிடித்தம் 12.5 சதவீதமாகக் குறையும். இல்லையென்றால் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

இனி அந்த 182 நாள். ஒரு நிதியாண்டில் அவ்வளவு நாள் இங்கே இருந்தவர் வருமான வரிக்கு இந்தியவாசி. ஏப்ரல் 1 முதல் எண்ணினால் செப்டம்பர் 29-ஆம் தேதியோடு 182 நாள் நிறைகிறது. நவம்பரில் கிளம்பும் மகன், வருமான வரிக்கு இந்த ஆண்டு முழுக்க இந்தியவாசிதான். நவம்பர் முதல் மார்ச் வரை வாங்கும் துபாய்ச் சம்பளத்தையும் இங்கே காட்ட வேண்டும். புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்குத் தள்ளுபடி இருப்பதால் பலருக்கு வரி வராது. ஆனால் துபாய் வங்கிக் கணக்கைக் குறிப்பிட்டுத் தாக்கல் செய்வது கட்டாயம், அதற்கு வருமான வரிக் கணக்குப் படிவங்களில் ஐ.டி.ஆர். 1 ஆகாது, ஐ.டி.ஆர். 2 வேண்டும். அடுத்த ஆண்டு முதல் துபாய்ச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. அதே சமயம் அந்த 12 லட்சத் தள்ளுபடியும் அவருக்குக் கிடையாது. இந்திய வருமானத்தில் 4 லட்சம் வரைதான் விலக்கு.

பழைய சிம்மை ரோமிங் போட்டு உயிரோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். ஓ.டி.பி. வராவிட்டால் எந்த வேலையும் நடக்காது.

அண்ணன் கத்தாரில் இருக்கிறார். அவர் வீட்டு வாடகை மாதம் 12,000 ரூபாய் அப்பா கணக்கில் வருகிறது. இதில் சிக்கல் உண்டா?
- வாசகர், வள்ளியூர்

உண்டு. வீடு யார் பெயரிலோ வாடகையும் அவருடைய வருமானம். அண்ணனின் என்.ஆர்.ஓ. கணக்குக்கு மாற்றுங்கள். குடியிருப்பவர் 31.2 சதவீதம் பிடித்து, அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்ட வேண்டும் என்பது சட்டம். வாடகை சிறியது என்பதால் விலக்கு இல்லை. ஆண்டு வாடகை 1,44,000. பராமரிப்புக்கு 30 சதவீதம் கழித்தால் 1,00,800. வேறு இந்திய வருமானம் அதிகம் இல்லையென்றால் அண்ணனுக்கு வரியே வராது. எனவே குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழுக்கு வருமான வரித் துறையில் இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

சிங்கப்பூர் போகிறேன். அம்பையில் 2 ஏக்கர் நஞ்சையும் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கும் இருக்கின்றன. இரண்டையும் முடித்துவிட வேண்டுமா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

வேண்டாம். இருக்கும் வயலை வைத்துக்கொள்ளலாம்; போன பிறகு புதிதாக விவசாய நிலம் வாங்கத்தான் முடியாது. கார், பிசானம் என இரண்டு பருவ நெல் வருமானத்துக்கும் வரி விலக்கு தொடரும். பி.பி.எஃப். முதிர்வு வரை ஓடும், நீட்டிப்பு மட்டும் கிடையாது. வயலைப் பார்த்துக்கொள்பவருக்குப் பவர் பத்திரம் கொடுப்பதானால் கிளம்பும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக்கொடுங்கள். அங்கிருந்து அனுப்பினால் தூதரகம் அல்லது நோட்டரியின் சான்று வேண்டும். பத்திரம் இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணமும் கட்டியாக வேண்டும்.