மன்றம் ‘வேண்டாம்’ என்றால் கோர்ட் என்ன செய்யும்?

கேள்வி: அமெரிக்காவில் மேயர் சிபாரிசு செய்த அதிகாரியை நகர மன்றம் நிராகரித்தால், அதை எதிர்த்து வழக்கு போடுகிறார்களாம். நம்மூரில் முடியுமா?
- ஒரு வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: வழக்கு யார் வேண்டுமானாலும் போடலாம், ஜெயிப்பதுதான் பாடு. அங்கே மேயரின் ஆளுக்கு மன்றம் சம்மதிக்க வேண்டும் என்று பல ஊர்களின் சாசனத்திலேயே இருக்கும். கோர்ட்டும் ஆள் தகுதியானவரா என்று துருவாது. மன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டா, முறைப்படி ஓட்டெடுத்தார்களா என்றுதான் பார்க்கும்.

நம் ரிப்பன் மாளிகையில் அந்தப் பேச்சே கிடையாது. கமிஷனரை அனுப்புவது கோட்டை. 200 கவுன்சிலர்களும் மேஜையைத் தட்டி ‘இவர் வேண்டாம்’ என்றாலும், மறுநாள் காலை ஃபைலில் அவர்தான் கையெழுத்துப் போடுவார்.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்த சபை பக்கத்திலேயே இருக்கிறது: புதுச்சேரி. 2017 ஜூலையில் மத்திய அரசு பாஜக-காரர்கள் மூவரை நியமன எம்.எல்.ஏ.க்கள் ஆக்கியது. அப்போதைய முதல்வர் நாராயணசாமியின் காங்கிரஸ் அரசிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துணைநிலை ஆளுநர் கிரண் பேடியே பதவிப்பிரமாணமும் செய்து வைத்தார். சபாநாயகர் வைத்திலிங்கம் ஏற்க மறுத்தார். வழக்கு பாரிமுனைக்கு வந்தது, புதுச்சேரிக்கும் நம் உயர் நீதிமன்றம்தானே. 2018 மார்ச்சில் நியமனம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதற்கப்புறமும் மூவரையும் சட்டசபை வாசலிலேயே காவலர்கள் மறித்தார்கள். டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றது.

1963-ஆம் வருடத்து யூனியன் பிரதேசச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். மூன்று பேருக்கு மேற்படாமல் மத்திய அரசு நியமிக்கலாம், அவர்கள் அரசு ஊழியராக இருக்கக் கூடாது என்று இருக்கிறது. முதல்வரைக் கேட்க வேண்டும் என்று இல்லை. சபாநாயகர் சம்மதம் என்ற பேச்சும் இல்லை.

எனக்கு இது உறுத்துகிறது. மக்கள் தேர்ந்தெடுப்பது 30 பேர். அவர்களோடு கூடுதலாக வந்து உட்காரும் 3 என்பது சில்லறை இல்லை. 2021 பிப்ரவரியில் நம்பிக்கைத் தீர்மானம் வந்தபோது ஆளும் தரப்பு சபாநாயகரோடு சேர்த்து 12, எதிர்த்தரப்பு 14. அந்த 14-இல் நியமனம் 3. இவர்களுக்கு ஓட்டு கிடையாது என்று நாராயணசாமி வாதாடினார். அந்த ஓட்டுரிமையையும் 2018 தீர்ப்பே கொடுத்திருந்தது. ஆட்சி போயிற்று.

ஆனாலும் கோர்ட்டைத் திட்ட மாட்டேன். 1963-க்குப் பிறகு எத்தனை வருடம் டெல்லியில் காங்கிரஸ் ஆட்சி! சட்டத்தின் அந்த வரியில் ‘மாநில அமைச்சரவையைக் கேட்டு’ என்று சேர்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வாசலில் ஆளை மறித்தபோது நாற்காலியில் இருந்த சபாநாயகரும் காங்கிரஸ்காரர்தான்.