அப்பாவின் பழைய எச்.எம்.டி. வாட்சைச் சரி செய்து கட்டலாமா, அப்படியே பெட்டியில் வைத்துவிடலாமா?

சரி செய்து கட்டுங்கள். ஆனால் டயலை மட்டும் யாரையும் தொட விடாதீர்கள்.

டயல் மஞ்சளடித்துவிட்டது, கடைக்காரர் "புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். எட்டு வருடத்துக்கு முன் அதே வார்த்தையை நம்பி என் அப்பாவின் வாட்சைக் கொடுத்தவன் நான்.

அப்பா பொள்ளாச்சிப் பக்கம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அந்த ரூட்டில் ஒரு நிமிடம் பிந்தினால் பின்னால் வரும் பஸ்காரன் சண்டைக்கு வருவான். ஸ்டாண்டில் டைம் கீப்பரிடம் அப்பா பேச மாட்டார், இடது கையை நீட்டிக் காட்டுவார், அவ்வளவுதான். அந்தக் கையில் இருந்தது எச்.எம்.டி. ஜனதா, சாவி கொடுக்கிற வாட்ச், உள்ளே தேய்மானம் குறைக்க வைக்கிற குட்டிக் கற்கள் 17. காலையில் பல் துலக்குவதற்கு முன்பே சாவி கொடுத்துவிடுவார்.

ஒரு ஐப்பசி மழையில் பஸ் கூரை மேல் ஏறி மூட்டை கட்டும்போது உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது. ராத்திரி முழுக்க அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தார். வாட்ச் பிழைத்தது. ஆனால் டயலில் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே பழுப்பாக ஒரு கறை தங்கிவிட்டது, புளியங்கொட்டை அளவு.

அவர் போன பிறகு அம்மாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். பத்து நாளில் கண்ணாடி பளபளக்க, டயல் பால் வெள்ளையாகத் திரும்பி வந்தது. அம்மா வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "அந்தக் கறை எங்க போச்சு கண்ணு?" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

பழைய டயலை வாங்கி வரலாம் என்று மறுநாளே ஓடினேன். அப்போதுதான் தெரிந்தது, ரீடயல் என்றால் வேறு டயல் வைப்பதில்லை. இருக்கிற தகட்டின் பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதன் மேலேயே மறுபடி பெயிண்ட் அடித்து எழுத்தை அச்சடிப்பது. திரும்ப வாங்க எதுவும் இல்லை. கடைக்காரர் மேல் பழி போடவில்லை, அவர் சொன்னதைத்தான் செய்தார். கேட்காதது என் தப்பு.

ரீடயலே கூடாது என்கிறானா என்று சிலர் கோபப்படலாம். எழுத்தே தெரியாத அளவு உரிந்துபோன டயல் என்றால் உங்கள் இஷ்டம். நான் சொல்வது மணி பார்க்க முடிகிற டயலைப் பற்றி.

மெஷின் விஷயம் வேறு. வருடக்கணக்காக ஓடாத வாட்சில் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். ஓடுகிறதா பார்க்கலாம் என்று சாவி கொடுக்காதீர்கள், தேய்மானம்தான் மிஞ்சும். எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி எண்ணெய் போடச் சொல்லுங்கள். சாவி கொடுத்தால் இறுகி வாட்சை ஓட்டுகிற மெயின் ஸ்பிரிங் போயிருந்தால் மாற்றலாம். ஜனதாவின் கண்ணாடி அக்ரிலிக், கீறலைத் தேய்த்தே எடுத்துவிடலாம், மாற்றத் தேவையில்லை. பட்டை கண்டிப்பாகப் புதுசு போடுங்கள்.

இந்த வாட்சைச் செய்தது, எச்.எம்.டி. என்ற மத்திய அரசு நிறுவனம் பெங்களூரில் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய தொழிற்சாலை. வாட்ச் பிரிவை மூடுவதாக மத்திய அரசு 2016இல் முடிவு செய்துவிட்டது. அதனால் ஸ்பேர் பெரும்பாலும் செத்துப்போன வேறு வாட்சிலிருந்துதான் வரும். அது பரவாயில்லை. ஆனால் எதை மாற்றினாலும் பழையதைக் கையில் தரச் சொல்லி முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். "இதுக்குப் போய் இவ்வளவு செலவா, இந்தக் காசுக்குப் புதுசே வருமே" என்று வீட்டில் ஒருவராவது சொல்வார். விடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருடம் நிமிடம் தவறாமல் பஸ்ஸை எடுத்த மனிதருக்கு அந்த முதலாளி ஒரு ரூபாய் பி.எஃப். கட்டவில்லை. கேட்கப் போன அன்றைக்கு அப்பாவை வாசலில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள். எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்குச் சரியாகத் தெரியும், கையில் அந்த வாட்ச்தானே இருந்தது. இன்றைக்கும் அந்தக் கலர் பஸ் எதிரே வந்தால் நான் ஏற மாட்டேன்.

கடைசியாக ஒன்று. கொடுப்பதற்கு முன் முன்னும் பின்னும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். என்னிடம் அந்தக் கறையோடு ஒரு படம்கூட இல்லை. அக்கா கல்யாண ஆல்பத்தில் அப்பா கும்பிட்டபடி நிற்கிறார், வாட்ச் பாதி மறைந்திருக்கிறது. மறைந்த பாதியில்தான் நாலும் ஐந்தும் இருக்கின்றன.