வாசகர் கேள்வி: சார்ல்ஸ்டன் சந்தையில் ஒரு சுளகு

கேள்வி: அமெரிக்காவில் தெற்குக் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் வசிக்கும் என் மகளிடம் ஐந்து மாதம் தங்கிவிட்டு அண்மையில்தான் ஊர் திரும்பினேன். அங்கே சந்தையில் கறுப்பினப் பெண்கள் புல்லால் கூடை முடைந்து விற்கிறார்கள். அவற்றில் ஒன்று நம் வீட்டுச் சுளகைப் போலவே இருந்தது. உணவகம் ஒன்றில் வெண்டைக்காய் போட்ட கெட்டியான குழம்பைச் சோற்றோடு தந்தார்கள். இவையெல்லாம் நம்மிடமிருந்து அங்கே போனவையா?
(வாசகி, திருமங்கலம்)

பதில்: நம்மிடமிருந்து போனவை அல்ல, அம்மா; மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து போனவை. ஆனால் உங்கள் கண் ஏமாறவில்லை. நீங்கள் பார்த்தது நெல் புடைக்கும் தட்டேதான். அந்த ஊர் வழக்கில் அதற்கு 'ஃபேனர்' என்று பெயர்.

சார்ல்ஸ்டன் நகரம் செழித்தது நெல்லால். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே நெல் பயிரிடத் தொடங்கிய ஆங்கிலேயப் பண்ணை முதலாளிகளுக்கு அந்தப் பயிரோடு பழக்கமில்லை. செனகல், காம்பியா, சியரா லியோன் கரையோரங்களிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட மக்களோ தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்தவர்கள். ஆசிய நெல்லிலிருந்து வேறான ஒரு நெல்லினத்தை நைஜர் ஆற்றுப் பகுதியில் தாமாகவே பயிராக்கியவர்கள். கரோலினாவின் வாய்க்கால், மடை ஏற்பாடுகளில் எவ்வளவு அவர்களுடைய அறிவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் வாக்குவாதம் உண்டு. எனினும் உரலும் உலக்கையும் புடைக்கும் தட்டும் அவர்கள் வழியாக வந்தவை என்பதைப் பெரும்பாலும் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். விலங்கிட்டுக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களிடம் கூடை எங்கே இருந்திருக்கும்? ஊரில் பழகிய முடைச்சலைப் போன இடத்துப் புல்லில் செய்துகொண்டார்கள்.

இன்னும் உற்றுப் பார்த்திருந்தால் ஒரு வேறுபாட்டையும் கண்டிருப்பீர்கள். நம் சுளகு குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, ஒரு பக்கம் வாய் திறந்திருக்கும்படி முடைவது. அவர்களுடையது வட்டம். பானைக்கு அடியில் வைக்கும் பிரிமணையைச் சுற்றுவதுபோல, புற்கற்றையை நடுவிலிருந்து சுற்றிக்கொண்டே வந்து, ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு பனையினத்து மரமொன்றின் ஓலைக்கீற்றால் இறுக்கித் தைக்கிறார்கள். கீற்றை நுழைக்க இடைவெளி உண்டாக்குவது ஊசியன்று, பெரும்பாலும் தட்டித் தேய்த்த கரண்டிக் காம்பு. தெற்குக் கரோலினா அரசு 2006ஆம் ஆண்டு இந்தக் கூடையை மாநிலக் கைவினைப் பொருளாக அறிவித்தது.

கூடை முடைபவர்களில் பலர், அந்தக் கடற்கரைத் தீவுகளில் வாழும் குல்லா என்னும் மக்கள். லொரென்சோ டவ் டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் அவர்களிடையே அலைந்து, அவர்களுடைய பேச்சில் கலந்திருந்த ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கச் சொற்களைத் திரட்டி 1949இல் நூலாக வெளியிட்டார். அவற்றில் பெரும்பாலானவை ஆட்பெயர்கள். பதிவேட்டில் ஓர் ஆங்கிலப் பெயர் இருக்கும். வீட்டார் கூப்பிடுவதற்கு வேறொரு பெயர் இருக்கும். அந்த வீட்டுப் பெயரை அவர்கள் 'கூடைப் பெயர்' என்கிறார்கள்.

நீங்கள் சாப்பிட்ட குழம்பு 'கம்போ' என்பதாக இருக்கலாம்; அதற்குப் பேர்போனது லூசியானா மாநிலம். அங்கோலாப் பகுதியின் பாண்டு மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் 'கிங்கோம்போ' என்பதை ஒத்த சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. வெண்டைக்காயை அமெரிக்கர் 'ஓக்ரா' என்பதும் நைஜீரியாவின் இக்போ மொழி வழிச் சொல்தான். தென் மாநிலங்களில் நிலக்கடலைக்கு வழங்கும் 'கூபர்' காங்கோப் பகுதி மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. அது ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கே ஒரு பெயரை வாங்கிக்கொண்டு வட அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மதுரைக் கீழமாசி வீதியில் மூட்டை மூட்டையாக விற்கும் தட்டைப்பயற்றை, அங்கே புத்தாண்டு நாளில் அரிசியோடு சேர்த்துச் சமைத்து, அந்த ஆண்டுக்கு நல்லது என்று நம்பி உண்கிறார்கள். அந்தப் பயறும் ஆப்பிரிக்கப் பயிரே. நாம் கொடுத்ததைப் பற்றிக் கேட்டீர்கள், வாங்கியதையும் சொல்லிவிடுகிறேன். தட்டைப்பயறு மட்டுமின்றி, கம்பும் கேழ்வரகும் உங்கள் திருமங்கலத்துக் கரிசலில் விளையும் சோளமும், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து நம் நாட்டுக்கு வந்தவைதாம்.

கேள்வி: அமெரிக்க இசையில் ஆப்பிரிக்கத் தாளம் இருக்கிறது என்கிறார்கள். அடிமைகளாகப் போனவர்களுக்குக் கொட்டு அடிக்க யார் இடம் கொடுத்திருப்பார்கள்?
(வாசகர், மேலூர்)

பதில்: பல இடங்களில் கொடுக்கவில்லை என்பதே உண்மை. 1739ஆம் ஆண்டு செப்டம்பரில், சார்ல்ஸ்டனுக்குத் தென்மேற்கே ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைப்பட்ட மக்கள் கிளர்ந்தெழுந்து, கொட்டு முழக்கி ஆள் திரட்டியபடி தெற்கே நடந்தார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டது. மறு ஆண்டு இயற்றப்பட்ட கடுமையான சட்டம், அவர்கள் கொட்டும் கொம்பும் வைத்திருப்பதைத் தடை செய்தது. கொட்டு செய்தி சொல்லும் கருவி என்பதைப் பண்ணை முதலாளிகள் நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். பறையறைந்து செய்தி சொன்ன நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கருவியைப் பறித்த இடத்தில் உடம்பே கருவியாயிற்று. தொடையிலும் மார்பிலும் கைதட்டித் தாளம் போடும் 'ஜூபா' என்ற முறை பண்ணைகளில் பரவியது. பலகைத் தரையில் காலால் தட்டி ஆடும் அமெரிக்க ஆட்டத்திற்கு, அயர்லாந்துக்காரர்களின் ஆட்டத்தோடு இதுவும் ஒரு வேர். வழிபாட்டில், கால்களைப் பின்னாமல் தரையில் இழைத்து இழைத்து இடஞ்சுழியாக வட்டம் வந்தார்கள். கால் பின்னினால் அது கூத்தாகிவிடும், கூத்து பாவம் என்பது அவர்களுக்குப் போதிக்கப்பட்டிருந்தது. ஒருவர் ஓர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவது, மேலூர்ப் பக்கத்து நடவுப் பாட்டைக் கேட்டவர்களுக்குப் புதிதன்று. அந்த ஒற்றுமையை வைத்து இரு சாராருக்கும் உறவு கற்பிக்க மாட்டேன். குனிந்து வேலை செய்யும் கூட்டம் எங்கேயும் அப்படித்தான் பாடும். அமெரிக்காவில் அந்த முறை வயலிலிருந்து தேவாலயத்துக்கும், அங்கிருந்து பிற இசை வகைகளுக்கும் சென்றது.

'பேஞ்சோ' என்ற நரம்புக் கருவியின் கதை இதனினும் விசித்திரமானது. சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி, காம்பு பொருத்தி, நரம்பு கட்டிய மேற்கு ஆப்பிரிக்கக் கருவிகளின் வழியில், அடிமைப்பட்ட மக்கள் செய்துகொண்டது அது. செனகல், காம்பியா நாடுகளின் ஜோலா மக்கள் இன்றும் வாசிக்கும் 'அகோந்திங்' அதற்கு நெருங்கிய உறவு. வெள்ளையர் கறுப்புச் சாயம் பூசி நடித்த 19ஆம் நூற்றாண்டு மேடைகளின் வழியாக அந்தக் கருவி கைமாறிப்போக, இன்று பேஞ்சோ என்றதும் அமெரிக்கர் பலருக்கு நினைவுக்கு வருபவர் மலைநாட்டு வெள்ளை விவசாயி.

கேள்வி: பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். கலர் குடிக்க வந்தவர் ஒருவர், 'கோலா' என்பது ஆப்பிரிக்கச் சொல் என்றார். உண்மையா?
(வாசகர், உசிலம்பட்டி)

பதில்: உண்மைதான். கோலா என்பது மேற்கு ஆப்பிரிக்க மரமொன்றின் கொட்டை. கசக்கும்; காப்பியில் உள்ள காஃபின் அதிலும் இருப்பதால் மென்றால் களைப்புத் தெரியாது. அட்லாண்டா நகரில் 1886ஆம் ஆண்டு ஜான் பெம்பர்ட்டன் என்ற மருந்தாளுநர் உருவாக்கிய பானத்திற்கு, கோக்கா இலையையும் கோலாக் கொட்டையையும் சேர்த்து 'கோக்கா-கோலா' என்று பெயர் வைத்தவர் அவருடைய கணக்கர் ஃபிராங்க் ராபின்சன். நைஜீரியாவின் இக்போ மக்களிடையே, வீட்டுக்கு வந்தவர் முன்னே கோலாக் கொட்டையை வைத்து, வாழ்த்துச் சொல்லி உடைத்துப் பகிர்ந்த பிறகே பேச்சுத் தொடங்கும். திருமணப் பேச்சிலும் அதற்கு இடம் உண்டு. நம் தாம்பூலத் தட்டின் வேலையை அங்கே அது செய்கிறது. அடுத்த முறை அவர் கடைக்கு வந்தால், பாக்குச் சோடா வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள்.