ஒரே போர்ட்ஃபோலியோவுக்கு இரண்டு மதிப்பெண் வருவது ஏன்?

மாணவர் தன் படைப்புகளைத் தொகுத்து வைக்கும் கோப்புதான் போர்ட்ஃபோலியோ. 20க்கு நீங்கள் 18 போட்ட போர்ட்ஃபோலியோவுக்குச் சக ஆசிரியர் 11 போட்டிருக்கிறார் என்றால், மதிப்பெண்ணை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று சொல்லும் அளவுகோலை இருவரும் சேர்ந்து திருத்துங்கள்.

பெரும்பாலும் ஒருவர் முடிந்த படைப்பின் தரத்தைப் பார்த்திருப்பார். மற்றவர் முதல் வரைவிலிருந்து பிள்ளை எவ்வளவு முன்னேறியது என்று பார்த்திருப்பார். இரண்டும் முக்கியம்தான், ஆனால் ஒரே எண்ணுக்குள் அடங்காது.

ஐந்து கோப்புகளை எடுத்து, பேசிக்கொள்ளாமல் தனித்தனியே மதிப்பிடுங்கள். பிறகு ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் சான்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். காட்ட முடியாமல் திணறும் இடத்தில் அளவுகோலின் சொல் மங்கலாக இருக்கும். 'நன்று' என்பதை எடுத்துவிட்டு, 'தன் பிழையைத் தானே கண்டு திருத்தியிருக்கிறார்' என்று எழுதிப் பாருங்கள்.

மாணவர் தன் கற்றலைப் பற்றி எழுதும் குறிப்புக்கு மட்டும் மதிப்பெண் வேண்டாம். போட்டால் உங்களுக்குப் பிடித்ததையே எழுதுவார்கள். ஆசிரியர் தான் நடத்திய பாடங்களைத் தொகுத்து வைக்கும் கோப்பும் அப்படித்தான்: பதவி உயர்வோடு அதைக் கட்டினால், சரியாக அமையாத பாடத்தை யாரும் உள்ளே வைக்க மாட்டார்கள்.