டெல்லியில் சின்னதாகப் புது வீடு, கைக்குழந்தை வேறு. குளிருக்கு எந்த ஹீட்டர் நல்லது?

ஹீட்டர் வாங்கக் கிளம்பும் முன் வீட்டின் ஒயரிங்கைப் பாருங்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2019 நவம்பரில் டெல்லி பாலம் பக்கம் இரண்டு ரூம் பில்டர் ஃப்ளோருக்கு, அதாவது பில்டர் கட்டித் தளம் தளமாக விற்கும் வீட்டுக்கு, குடிபோனோம். மகளுக்கு ஏழு மாதம், தஞ்சாவூரிலிருந்து அம்மாவும் வந்திருந்தார். அந்த டிசம்பர் 30 இங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும், சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பகலிலேயே 9.4 டிகிரியைத் தாண்டவில்லை. 2500 வாட் ஆயில் ஹீட்டர் ஒன்று வாங்கிக் பெரிய பின்னைச் சின்ன சாக்கெட்டில் செருக உதவும் கன்வெர்ட்டர் பிளக் போட்டுக் கட்டிலருகே இருந்த சின்ன சாக்கெட்டில் மாட்டிவிட்டுப் படுத்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா எழுப்பினார். "ஏதோ கருகற வாடை வருதுடா, எழுந்து பாரு." பிளக்கைத் தொட்டால் விரல் சுட்டது. வெள்ளை சாக்கெட் பழுப்பாகி, ஒரு துளை மட்டும் இளகிக் கோணிக்கொண்டிருந்தது. தொட்டிலுக்கும் அதற்கும் இரண்டடிகூட இல்லை.

மறுநாள் எலக்ட்ரீஷியன் பிரித்துப் பார்த்தால் சுவருக்குள் ஓடுவது 1.5 எம்எம் ஒயர். ஹீட்டர், கீசர், ஏசி பாயின்டுக்கெல்லாம் 4 எம்எம் என்று பில்டர் கைப்பட எழுதிக் கொடுத்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. போன் செய்தால் எடுக்கவே இல்லை. அதே ஆள் போட்ட மொட்டை மாடி மூன்றாவது மழைக்கே ஒழுகியது, அதையும் நாங்கள்தான் சரிசெய்தோம். வாழ்நாள் சேமிப்பை வாங்கிக்கொண்டு இப்படிச் செய்ய எப்படித்தான் மனசு வருகிறதோ.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சொந்த வீடு என்பதால் படுக்கையறைக்கு ஹாட் அண்ட் கோல்ட் இன்வெர்ட்டர் ஏசியே வாங்குங்கள். சாதாரண ஏசி சூடு தராது, கேட்டு வாங்க வேண்டும். இது வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உள்ளே இழுத்து வருவதால் ஒரு யூனிட் கரன்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு கிடைக்கிறது. ராடு, புளோயர், ஆயில் எதுவானாலும் ஒன்றுக்கு ஒன்றுதான். நாங்கள் ஒயரை மாற்றிய கையோடு இதைத்தான் மாட்டினோம். விலை அதிகம்தான், ஆனால் கோடைக்கு எப்படியும் ஏசி வாங்கத்தானே போகிறீர்கள். நான் ஏசி விற்கிறவன் இல்லை, வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஆயில் ஹீட்டரே போதும் என்றுதான் நானும் சொல்வேன், சரியான 16 ஆம்ப் பாயின்ட் (பெரிய பின் சாக்கெட்) இருந்தால். "குளிருக்குக் கம்பளி போதாதா" என்று ஊரிலிருந்து சொல்வார்கள். கைக்குழந்தை ராத்திரி முழுக்கப் போர்வையை உதைத்துத் தள்ளும், அதனால் அறைதான் சூடாக இருக்க வேண்டும்.

சூடான காற்று மேலே போய்விடும், ஏசியின் ஃபிளாப்பைக் கீழ் நோக்கி வையுங்கள். மார்பிள் தரை அப்படியும் ஜில்லென்றே இருக்கும். அம்மா ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்து, கதவடி இடுக்கில் அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியை உருட்டி வைத்தார். அதற்கப்புறம்தான் அறையில் சூடு நின்றது.

அப்புறம், கரன்ட் பில்லில் சாங்ஷன்டு லோடு, அதாவது உங்கள் வீட்டுக்கு அனுமதித்த மின்சுமை, எவ்வளவு என்று பாருங்கள். கீசரும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடினாலே 4 கிலோவாட்டைத் தாண்டிவிடும்.

அக்கம்பக்கத்தில் யாராவது அங்கீட்டி என்கிற கரிக் கணப்பைக் கொண்டுவந்து கொடுத்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். மூடிய அறையில் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, எங்களை எழுப்பிய மாதிரி அது யாரையும் எழுப்பாது.