பெண்கள் வாக்குரிமை இயக்கம் என்றால் என்ன, அது ஏன் தேவைப்பட்டது?

தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெண்களுக்கும் சட்டப்படி வேண்டும் என்று பல நாடுகளில் தலைமுறைகளாக நடந்த போராட்டமே பெண்கள் வாக்குரிமை இயக்கம். குடும்பத் தலைவரான ஆணின் வாக்கே மனைவிக்கும் மகளுக்கும் போதும் என்ற எண்ணம் அன்று வேரூன்றியிருந்தது; பிரிட்டனின் 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டமோ வாக்காளர் ஆணாகவே இருக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதியே வைத்தது. வரி கட்டிய பெண்ணுக்கும் அந்த வரியை விதிப்பவரைத் தேர்ந்தெடுக்க உரிமையில்லை. சங்கத்துக்குச் சந்தா வாங்கிக்கொண்டு, கூட்டத்தில் கைதூக்க மட்டும் விடாததைப் போன்றது இது. அந்நாட்டு வாக்குரிமைப் போராளி கேட் ஷெப்பர்ட் முதலானோர் திரட்டிய கையெழுத்து மனுக்களுக்குப் பின், 1893இல் நியூசிலாந்து பெண்களுக்கு இவ்வுரிமையை வழங்கியது. சுவிட்சர்லாந்துப் பெண்களோ நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க, நம்புவதற்கே கடினம்தான், 1971 வரை காத்திருந்தனர். பிரிட்டனில் 1918இல் பெண்கள் அனைவரும் வாக்குரிமை பெற்றனர் என்று பலர் எண்ணுவது தவறு: 30 வயது நிரம்பி, சொத்துத் தகுதி போன்ற நிபந்தனைகளுக்கும் உட்பட்டவர்களுக்கே அது கிடைத்தது, ஆண்களுக்கு நிகரான உரிமை 1928இல்தான் வந்தது.